இலஞ்சிக் கொட்டகையில் ஒரு தீயணைப்பு வண்டி

தென்காசிக்காரர்களின் நினைவில் தீயணைப்பு வண்டி தீயோடு சேர்ந்து பதிந்ததைவிடத் தண்ணீரோடு சேர்ந்து பதிந்ததே அதிகம். ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் இறங்கி, குற்றாலத்தில் கூட்டம் கூடத் தொடங்கியதும் அருவிக்கரைகளில் தீயணைப்பு வீரர்களும் வந்து நிற்பார்கள். வழுக்குப் பாறையில் விழுந்தவரைத் தூக்குவதும் நீரோடு போனவரைத் தேடுவதும் அவர்கள் பாடு. 2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோன மாலையிலும் தேடலில் முன்னால் நின்றவர்கள் அவர்கள்தாம். ஆகவே, தீ என்றால் சிவப்பு வண்டி என்ற பாடப்புத்தகச் சமன்பாடு எங்களிடம் அவ்வளவாக ஒட்டியதில்லை. பழைய தீயணைப்பு வண்டி ஒன்றை வாங்கி இரண்டரை ஆண்டுகள் அதனோடு மல்லுக்கு நிற்போம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் வங்கிப் பணியிலிருந்து வெளிவந்தவர். ஒருவர் இலஞ்சியில் மர அறுவை ஆலை வைத்திருப்பவர். நான்காமவர் தென்காசியில் லேத் பட்டறை நடத்துகிறவர். மாதத்தில் ஒரு ஞாயிறு அறுவை ஆலையின் பின்கொட்டகையில் கூடி, வாசித்ததைப் பற்றிப் பேசுவது வழக்கம். தேக்குத் தூளின் வாசனைக்கு நடுவே கம்பனையும் புதுமைப்பித்தனையும் பேசிப் பழகிய இடம் அது. அங்கேதான் வண்டி வந்து சேர்ந்தது.

பட்டறைக்காரர் ஒரு பழைய கியர்ப்பெட்டிக்காகக் காயலான் கடை ஒன்றுக்குப் போனவர், வண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு மற்ற மூவரையும் தொலைபேசியில் அழைத்தார். தாமிரபரணிக்கு வடக்கே இருந்து எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஒரு நூற்பாலையின் சொந்தத் தீயணைப்பு வண்டி. டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1954-இல் லாரி செய்யத் தொடங்கி, 1969-இல் அந்தக் கூட்டு முடியும்வரை, நம் ஊர் லாரிகளின் முன்முகத்தில் மூன்றுமுனை நட்சத்திரம் இருந்தது. இந்த வண்டியிலும் அந்த நட்சத்திரம் பதிந்திருந்த வட்டத் தழும்பு தெரிந்தது. நட்சத்திரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டயர்கள் இல்லை. பக்கவாட்டுப் பெட்டிகளில் கோழி அடைத்து வைத்திருந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. ஆனால் பின்பக்கத்தில், சாக்கு போட்டு மூடிய நிலையில், பம்பு இருந்தது. வெண்கலமும் கன்மெட்டலும் எடைக்கு என்ன விலை போகும் என்று தெரிந்த எவரும் அது அங்கே மிச்சமிருப்பதை நம்பமாட்டார்கள். கடைக்காரர் அதை மறுநாள் உடைக்கவிருந்தார். எடைக்கு எடை பேசித்தான் வண்டியை வாங்கினோம்.

பழைய வண்டிகளைப் புதுப்பிப்பது நம்மிடையே இப்போது ஒரு மரியாதைக்குரிய பொழுதுபோக்கு. கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. சென்னையில் ஆண்டுதோறும் பழங்கார்கள் ஊர்வலம் போகின்றன. இந்த ஆர்வம் முழுவதும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உரியது. உழைத்த வண்டிகளுக்கு, அதாவது லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும், அந்தப் பந்தியில் இலை போடப்படுவது அரிது. சட்டமும் அப்படியே. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை ஒன்றை அறிவித்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும். யாருடைய சொந்த உபயோகத்துக்கும் பிறக்காத தீயணைப்பு வண்டி அதற்குள் வராது. இன்னொரு பக்கம், 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகும் என்று விதி வந்தது. புகையையும் விபத்தையும் நினைத்தால் நியாயமான விதிதான், அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆயினும் நிலையங்களின் பின்முற்றங்களில் நின்றிருந்த பழைய சிவப்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏலத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வோர் வகையிலிருந்து ஒன்றையாவது எடுத்து வைக்கலாமே என்று கேட்க ஆளில்லை.

கேட்ட இடமும் உண்டு. டெல்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1914-இல் இங்கிலாந்தின் ஜான் மோரிஸ் அண்ட் சன்ஸ் நிறுவனம் கட்டிய தீயணைப்பு வண்டி ஒன்று இருக்கிறது. ஹைதராபாத் நிஜாமின் ரயில்வேக்காக வந்தது. ரயில்வே அதைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைக்கவில்லை. ஓடும் நிலையிலேயே வைத்திருந்து, டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் நடத்தும் பழங்கார் ஓட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் அனுப்பி வந்தது. எங்களில் வங்கிக்காரர் மகள் வீட்டுக்கு டெல்லி போனபோது அதைப் பார்க்கவென்றே ஒரு பகலை ஒதுக்கினார். பித்தளை மெருகைப் பற்றி நாங்கள் கேட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தவர் சொன்னது ஒன்றுதான்: “ஓடுறது வேற, நிக்கிறது வேற.”

அதையே வேறு சொற்களில் சொல்ல எங்களுக்கு இன்னொருவர் வந்தார். வண்டி கொட்டகைக்கு வந்த செய்தி எப்படியோ பரவி, பாவூர்ச்சத்திரம் பக்கத்திலிருந்து 80 வயதைக் கடந்த ஒருவர் பேரனின் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து வந்து இறங்கினார். அந்த ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையின் தீயணைப்புக் குழுவில் பம்பு அவர் பொறுப்பு. அண்ணாச்சி என்றே அழைத்தோம், இங்கும் அப்படியே குறிப்பிடுகிறோம். நாங்கள் அப்போது வண்ணத்தைப் பற்றிய விவாதத்தில் இருந்தோம். இந்தியத் தர நிர்ணயத்தின் வண்ணப் பட்டியலில் 536-ஆம் எண் தீயணைப்புச் சிவப்பு. 538 அஞ்சல் பெட்டிச் சிவப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்தில் வெளிப்பட்ட அடிப்பூச்சு இரண்டில் எதற்கு நெருக்கம் என்று இரு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, பம்பின் மேல் கையை வைத்து, “பெயிண்டெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம் தம்பி. தண்ணி எடுக்கா?” என்றார்.

எடுக்கவில்லை. எடுக்காது என்பது தோட்டத்தில் பம்புசெட் வைத்திருக்கும் எவருக்கும் புரியும். சுழல்விசைப் பம்பு தண்ணீரைத் தள்ளும். காற்றை இழுக்கத் தெரியாது. உறிஞ்சு குழாயிலும் பம்பின் வயிற்றிலும் உள்ள காற்றை முதலில் வெளியேற்றினால்தான், வெளிக்காற்றின் அழுத்தம் குளத்துத் தண்ணீரைக் குழாய்வழியே மேலே ஏற்றும். கணக்குப்படி பத்து மீட்டர் உயரம்வரை ஏற வேண்டும். நடைமுறையில் ஏழு மீட்டர் ஏறினாலே பம்பு நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். நம் விவசாயிகள் வால்வு ஒழுகும் மோட்டாரில் சாணியைக் கரைத்து ஊற்றிக் காரியத்தை முடிப்பார்கள். தீயிடம் போய்ச் சாணி கரைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் தீயணைப்புப் பம்பில் காற்றை இழுக்கவென்றே ஒரு சிறு பிஸ்டன் உண்டு. எங்கள் வண்டியில் அந்தப் பிஸ்டனின் தோல் வாஷர் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. தென்காசியில் செருப்புத் தைக்கும் ஒருவர் மாட்டுத்தோலில் மூன்று வெட்டிக் கொடுத்தார். பழைய சைக்கிள் பம்புக்கு வெட்டிய கை என்று பெருமையோடு சொன்னார். எண்ணெயில் ஊறப்போட்டு, மூன்றாவதுதான் சரியாக உட்கார்ந்தது.

(பழைய தீயணைப்புப் பம்புகளைப் பற்றித் தேடிப் படித்தபோது கிடைத்த செய்தி ஒன்று. இங்கிலாந்தின் கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில், இரண்டு பேர் தூக்கிச் செல்லும்படியான எடை குறைந்த தீயணைப்புப் பம்பு ஒன்றுக்கென்று சிறிய எஞ்சின் ஒன்றைச் செய்தது. எடை குறைவு, வேகம் அதிகம் என்பதைக் கண்ட பந்தயக்காரர்கள் அதைக் கேட்டு வாங்க, பந்தயத்துக்கென்று மாற்றினார்கள். அந்த வெற்றியில் இறங்கிய நிறுவனம் செய்த பந்தய எஞ்சினோடுதான் ஜாக் பிரபாம் 1959-இலும் 1960-இலும் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். தீயை அணைக்க ஓடியவர்களின் அவசரம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.)

அண்ணாச்சி வாரம் ஒருமுறை வரத் தொடங்கினார். பம்பைக் கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் எந்தத் துளையிலிருந்து எடுத்தோம் என்று அட்டையில் குத்தி வைக்கச் சொன்னார். தண்டு வெளிவரும் இடத்தில் திணிக்கும் கயிற்றை எப்படிச் சாய்வாக வெட்டி, ஒரு சுற்றின் வெட்டும் அடுத்த சுற்றின் வெட்டும் நேர்கோட்டில் வராமல் வைக்க வேண்டும் என்று அவர் விரலால் காட்டியது எந்தக் கையேட்டிலும் எங்களுக்கு அவ்வளவு துலக்கமாகக் கிடைக்கவில்லை. பட்டறைக்காரர் ஒரு சொட்டும் ஒழுகாதபடி நட்டை இறுக்கப் போனபோது தடுத்தார். “சொட்டணும். சொட்டுனாத்தான் தண்டு சூடாகாது. சொட்டாத பம்பு பாடையில ஏறப்போற பம்பு.” நூலறிவின்மேல் மரியாதை உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு இத்தகைய கையறிவின் முன்னால் ஒரு கூச்சம் உண்டு. அவரிடம் இருந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று ஆசிரியர் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். எழுதும்போது தெரிந்தது, பாதிக்கு மேல் எழுத்தில் வராது; அவர் கையை நம் கை பார்த்தால்தான் வரும்.

வண்ணத்துக்கு வருவோம், ஏனெனில் பெரிய சண்டை அங்கேதான். குற்றாலக் காற்றில் பெயிண்ட் அடிப்பது ஒரு தனி வித்தை. சாரல் காலத்தில் அடித்தால் ஈரம் ஏறி, பளபளக்க வேண்டிய பூச்சு வெள்ளை படர்ந்து மங்கிப்போகும். மாசியிலிருந்து சித்திரைக்குள் முடித்தாக வேண்டும். டிங்கர் வேலையும் பட்டி பார்ப்பதும் முடிந்து ப்ரைமர் அடிக்கும் நிலையில், வலப்பக்கப் பெட்டியின் மூடியைக் கழற்றித் திருப்பியபோது உட்புறத்தில் எழுத்து தெரிந்தது. புழுதியைத் துடைத்தோம். வெள்ளை எனாமலில், போர்டு எழுதும் கைக்கே உரிய வளைவுகளோடு, ‘தீயணைப்புக் குழு’ என்று தலைப்பிட்டு ஏழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பெழுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பணி: ஓட்டுநர், பம்பு, சக்சன், குழாய், குழாய், ஏணி, மணி. இரண்டாவது பெயர் அண்ணாச்சியுடையது.

அந்த மூடியை என்ன செய்வது? பெயர்களின் மேல் பூசிவிட்டு வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் அழகுக்குக் கொண்டுபோவதா, துருவும் கீறலுமாக அப்படியே விடுவதா? வாசிப்புக் கூட்டத்தின் பழைய தகராறு ஒன்று புதிய உடையில் வந்து நின்றது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்தவர். எங்கள் பகுதியில் அவரைத் தொடாமல் இலக்கியம் பேச முடியாது. ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ற அவருடைய பதிப்பில், கம்பன் இதைப் பாடியிருக்கமாட்டான் என்று தம் ரசனைக்குப் பட்ட பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சொல் பிசகியிருப்பதாகத் தோன்றிய இடத்தில் சொல்லை மாற்றவும் தயங்கவில்லை. அதற்கு நேர் எதிரில் உ.வே.சா. 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த காலம் முதல் ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, தமக்கு விளங்காததையும் காப்பாற்றி வைத்தவர். அறுவை ஆலைக்காரர் டி.கே.சி. கட்சி: வண்டியின் உயிர் அதன் வடிவத்தில் இருக்கிறது, பிற்காலத்தில் ஏறியவை எல்லாம் அழுக்கு என்றார். ஆசிரியர் உ.வே.சா. கட்சி: ஏடு கிடைத்தபடி அச்சேற வேண்டும், செல் அரித்த இடத்தைப் புள்ளிவைத்துக் காட்ட வேண்டும் என்றார். (ரசிகமணியிடம் குறை காண்பது எங்கள் நோக்கமன்று. கம்பனைப் பண்டிதர்களிடமிருந்து மீட்டுச் சாதாரண வாசகனின் மடியில் வைத்தவர் அவர். ஆனால் அவர் பதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கம்பனின் ஏடு எப்படி இருந்தது என்று அறிய முடியாது என்பதும் உண்மை.)

நடுவே தென்காசிக் கோபுரம் வந்தது. எங்களில் மூவர் சிறுவர்களாக இருந்தபோது காசிவிசுவநாதர் கோவிலுக்குக் கோபுரம் இல்லை. சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற அடிப்பகுதியில்தான் புறாக்கள் இருந்தன. 1990-இல் ஒன்பது நிலைகளோடு ஏறக்குறைய 180 அடிக்கு அது எழுந்ததை எங்கள் கண்ணால் கண்டோம். அது புதுப்பித்தலா, புதிதாகக் கட்டியதா? கல்லாலான அடியில் நிற்பவருக்கு ஒரு விடை. தெருவின் கோடியிலிருந்து பார்ப்பவருக்கு வேறொரு விடை. 15-ஆம் நூற்றாண்டில் அக்கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் வெட்டிவைத்த பாடல் ஒன்று அங்கே உண்டு. இந்த ஆலயத்துக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்து, அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவர்களை இப்போதே பணிகிறேன் என்று உலகறியச் சொல்கிறான். கட்டியவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது கல்வெட்டுகளில் புதிதல்ல. இன்னும் பிறக்காத கொத்தனுக்கு அரசன் ஒருவன் தலைவணங்குவது புதிது. ஆனால் அந்தப் பாடலும் எங்கள் சண்டையைத் தீர்க்கவில்லை. குறையைச் சரிசெய் என்கிறானே தவிர, எது குறை என்று அவன் சொல்லவில்லை.

மூடியை அண்ணாச்சியிடம் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசித்தார். தம்மையும் இன்னொருவரையும் தவிர மற்றவர்கள் இல்லை என்றார். பிறகு, “பிச்ச எங்க?” என்று கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை.

ஆலையில் ஒரு கோடையில் பருத்திக் கிடங்கு பற்றியது. பருத்தித் தீயைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அழுத்திக் கட்டிய பேலின்மேல் சுடர் அணைந்துவிடும். உள்ளே கனல் உட்கார்ந்திருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஒவ்வொரு பேலாக வெளியே இழுத்து, பட்டையை வெட்டி, பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். இல்லையெனில் மூன்றாம் நாளும் எழுந்து எரியும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் வெடித்ததற்கு முன்னாலும், வெடிமருந்தோடு ஏற்றியிருந்த பருத்திப் பேல்கள்தாம் மணிக்கணக்கில் அடிவயிற்றில் புகைந்துகொண்டிருந்தன. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் இறந்தார்கள்; அதனால்தான் ஏப்ரல் 14 நாட்டின் தீயணைப்போர் நாள். நமக்கு அது பெரும்பாலும் சித்திரைப் பிறப்பாக இருப்பதால் கவனத்தில் படுவதில்லை.

அந்தக் கிடங்குக்குள் குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு முதலில் போனவர் பட்டியலில் இல்லாதவர். பதிலித் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளி விடுப்பெடுக்கும் நாளில் மட்டும் வேலை. காலையில் வாசலில் நின்று, பெயர் கூப்பிட்டால் உள்ளே, இல்லையெனில் வீட்டுக்கு. பதிலிகளை எந்தக் குழுவிலும் எழுதுவதில்லை. அன்று குழாய்க்கு இருந்த இருவரில் ஒருவர் விடுப்பு. ஆக அவருடைய பதிலி தறியோடு சேர்த்துத் தீயையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று என்று அண்ணாச்சி சொல்லி, உடனே, “தறி இல்ல, ஸ்பின்னிங்” என்று திருத்திக்கொண்டார். இரண்டு நாள் உள்ளேயே நின்றாராம் பிச்சை. பின்னாளில் நெஞ்சுச்சளியும் இளைப்புமாகக் கிடந்து இறந்தார். ஆலை மூடியபோது கணக்குத் தீர்த்துப் பணம் வாங்கியவர்களின் வரிசையிலும் அவர் குடும்பம் இல்லை. (பெயரை இங்கே மாற்றியிருக்கிறோம், அந்தத் தலைமுறையில் ஊருக்கு நான்கு பேருக்கு இருந்த பெயர் ஒன்றை இட்டிருக்கிறோம்.)

“அவன் பேர எழுதணும்” என்றார் அண்ணாச்சி.

உ.வே.சா. கட்சிக்கு இது பெரும் இக்கட்டு. கிடைத்த ஏட்டில் ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் பெயர் என்ன? இடைச்செருகல். இத்தனை நாளும் பூசக் கூடாது, தொடக் கூடாது என்று வாதாடிய ஆசிரியர், அதே எனாமலில் எட்டாவது பெயரை எழுதினால் பிறகு வருபவர் அதையும் ஆலை எழுதியதாகவே எடுத்துக்கொள்வார், ஆலை செய்யாத நீதியை ஆலையின் கணக்கில் நாம் வரவு வைத்ததாகிவிடும் என்றார். அது வெறும் பிடிவாதமன்று. பதிலிகளை எழுதாமல் விட்டதுதான் அந்தப் பட்டியல் சொல்லும் மிகப் பெரிய உண்மை. அதை நிரப்பிவிட்டால் ஆலையின் குற்றமும் மறைந்துபோகும். அவர் ஒரு வழி சொன்னார்: தனியாக ஒரு சிறு தகட்டில் பெயரையும் செய்தியையும் ஆண்டையும் எழுதி, மூடிக்குப் பக்கத்தில் திருகிவிடலாம். பாடபேதக் குறிப்பு மாதிரி. மற்ற மூவருக்கும் அது நாகரிகமான தீர்வாகவே பட்டது.

அண்ணாச்சி முழுவதையும் கேட்டார். “அப்பமும் வெளியதான். இப்பமும் வெளியதானா?” என்றார்.

அதற்குப் பிறகு தகடு பற்றிய பேச்சு எழவில்லை. ஆசிரியர் மட்டும் மூடியை எழுதுவதற்கு முன் நான்கு கோணங்களில் படமெடுத்து, குறிப்பேட்டில் ஒட்டி, எட்டாவது வரி எந்தத் தேதியில் யார் சொல்லி யார் எழுதியது என்று விவரமாகப் பதிந்து வைத்தார். இன்றும் அவர் எங்களோடு உடன்படவில்லை. அவர் உடன்படாமல் இருப்பது நல்லது என்றே மற்றவர்கள் நினைக்கிறோம்.

வண்டியின் வெளிப்புறம் 536-ஆம் எண் சிவப்பில் பங்குனிக்குள் முடிந்தது. நட்சத்திரத் தழும்பை அப்படியே விட்டோம். ஐப்பசியில், சிற்றாற்றுத் தண்ணீர் பாயும் குளம் ஒன்று நிரம்பிக் கிடந்த நாளில், டிராக்டரில் கட்டித் தோட்டத்துப் பாதை வழியே இழுத்துப்போய்க் கரையில் நிறுத்தினோம். எஞ்சின் பிடிப்பதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, டீசல் வழியில் காற்று இருந்தது. உறிஞ்சு குழாயின் சல்லடையைத் தண்ணீரில் இறக்கினோம். பிரைமரை அண்ணாச்சி தம் கையாலேயே இயக்கினார். வெற்றிடமானியின் முள் நகர்ந்து நின்றது, நடுங்கியது, பிறகு மறுபக்கம் தாவியது. பட்டறைக்காரர் வால்வைத் திறந்தார். தட்டையாகக் கிடந்த குழாய் பாம்பு எழுவதுபோல் உருண்டு, முனையிலிருந்து முதலில் துருநீரும் பிறகு தெளிந்த நீரும் வந்தது. அறுவை ஆலைக்காரரும் வங்கிக்காரரும் முனையைப் பிடித்திருந்தார்கள். நூறு பவுண்டு அழுத்தத்தில் அது இரண்டு பேரையும் பின்னுக்குத் தள்ளுகிறது. படித்ததில் அது தெரியவில்லை. குளத்திலிருந்து எடுத்த தண்ணீரைக் குளத்துக்கே கொடுத்தோம். வரப்பில் நின்ற பிள்ளைகள் அதில் குளிக்க இறங்கிவிட்டார்கள்.

அண்ணாச்சி தண்ணீரைப் பார்க்கவில்லை. குனிந்து, தண்டின் கீழே கையை ஏந்தி, சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எட்டாவது வரியை எழுதத் தென்காசியிலிருந்து போர்டு எழுதும் ஒருவரை அழைத்துவந்தோம். இப்போது எல்லாம் ஃபிளெக்ஸ் ஆகிவிட்ட காலத்தில் தூரிகையை எடுத்துப் பல மாதம் ஆகிறது என்றார். பழைய எழுத்தின் வளைவைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செய்தித்தாளில் இரண்டுமுறை எழுதிப் பழகி, பிறகு மூடியில் எழுதினார். பெயருக்கு நேரே ‘குழாய்’ என்று பணியையும் எழுதினார். எழுதி முடித்ததும், “இனிஷியல் என்ன சார்?” என்று கேட்டார். மேலே உள்ள ஏழு பெயருக்கும் இருக்கிறதே.

அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று கூப்பிடும்போது பெயரை மட்டும்தான் கூப்பிடுவார்களாம். உயிரோடிருக்கும் இன்னொருவருக்கும் தெரியவில்லை. அவருடைய ஊருக்கு இரண்டுமுறை போய் விசாரித்தோம். குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டது என்பதற்கு மேல் செய்தி இல்லை. தெரிந்தவர்கள் மூலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெயருக்கு முன்னால் ஓரெழுத்துக்கான இடத்தைப் போர்டுக்காரர் விட்டுவைத்திருக்கிறார்.